சாலிட் டேப்பெட் கேட்டு எழுதிய கடிதம்

டிக் டிக் என்று அல்ல அம்மா, டிக்கிடி டிக்கிடி என்று. காலை ஆறரை மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடிப்படி ஏறும்போது, மேலே பதினைந்து பெண்கள் ஒன்றாகப் பாடம் அடித்துக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்? அப்படி. கழிமுகத்தில், தண்ணீரின் மேல், அந்தச் சத்தம் முதலில் வரும். படகு பிறகுதான் வரும். நாணல் மறைத்துக்கொண்டிருக்கும். நான் கரையில் நிற்பேன். சத்தம் என்னைத் தாண்டியே போய்விட்டது போல இருக்கும், அப்புறம்தான் வெள்ளை மூக்கு தெரியும்.

முப்பத்தெட்டு வருடம் ஆயிற்று. இன்றைக்கு நீங்கள்தான் அதைக் கிளப்பிவிட்டீர்கள். சற்றுமுன் போனில் உங்கள் வீட்டுக்காரரிடம், "டேப்பெட் சத்தம்தானே, ஓட்டிக்கிட்டு வாங்க, வந்து பாத்துக்கலாம்" என்றீர்களே. லாரியா? நான் ஒட்டுக் கேட்கவில்லை. கண்ணில் சொட்டு விட்டு, பாப்பா விரிகிறவரை திறக்காதே என்று உட்கார வைத்துவிட்டால் காதுக்கு வேறு என்ன வேலை? உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டி என்று நர்ஸிடம் சொன்னது கேட்டது. அவ்வளவுதான். அதுவும் நல்லதுதான். தெரிந்தவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை.

என்னால் ஒரு எஞ்சின் உடைந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். இடைவெளி அளக்கிற தகட்டுக் கருவி, ஃபீலர் கேஜ், அதைப் பிடித்து அளந்தவள் நான். தப்பு என்னுடையது. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

அப்பா போன பிறகு ராயபுரத்தில் எங்கள் லேத் பட்டறையை என் தம்பி ஏகாம்பரம்தான் நடத்தினான். இருபத்து நான்கு வயது. எட்டாவதோடு நின்றவன். நான் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். பி.எஸ்ஸி. பௌதிகம். காலையில் இன்ஸ்டிட்யூட்டில் டைப் சொல்லிக்கொடுப்பேன், மற்ற நேரம் பட்டறையில் எழுத்து வேலை. ஆங்கிலத்தில் வரும் எஞ்சின் புத்தகங்களைப் படித்து அவனுக்குத் தமிழில் சொல்வேன். அவனுக்கு அது தேவையே இல்லை என்பது வேறு விஷயம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைப்பான், பிடியைக் காதில் வைப்பான், கண்ணை மூடிக்கொள்வான். "நாலாவதுல இருமல் கீதுக்கா" என்பான். திறந்து பார்த்தால் நாலாவதில்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்காது. ஒரு காரணம் சொல்ல மாட்டான் பாருங்கள். படித்தவர்கள் என்ன செய்வது?

ஊருக்கு வடக்கே கழிமுகத்தில் ஒரு படகு கிளப் இருந்தது. அவர்களிடம் ஆலா என்று ஒரு பந்தயப் படகு. எட்டு சிலிண்டர் அமெரிக்க பெட்ரோல் எஞ்சின். வாரநாளில் அது கிளப் மெம்பர்களின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். வருடத்துக்கு ஒரு முறை, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் ஓடும். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய், மிதக்கவிட்ட பீப்பாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். மூன்று சுற்று. நான் சொல்கிற வருடத்துக்கு முந்தின வருடம் துறைமுகத்துக்காரர்களின் படகிடம் தோற்றிருந்தார்கள். அந்த வருடம் எஞ்சினை முழுக்க அவிழ்த்துப் புதிதாகக் கட்டச் சொல்லி ஏகாம்பரத்திடம் கொடுத்தார்கள்.

கிளப் செயலாளர் விசுவநாதன் என்று ஒருவர். நல்ல மனிதர். அவர் பட்டறைக்கே வந்து சொன்னார்: "ஏகாம்பரம், படகு இந்த வருஷம் பந்தயத்தை முடிச்சிட்டு வரட்டும். உன்னை நிரந்தர மெக்கானிக்கா போட்டு ஆர்டர் கொடுத்துடறேன். குவார்ட்டர்ஸும் உண்டு." எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பட்டறை இருந்த இடத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். சித்திரைக்குள் காலி செய்ய வேண்டும். தவிர, காலடிப்பேட்டையில் அமிர்தம் என்று ஒரு பெண்ணை அவனுக்குப் பேசி வைத்திருந்தோம். பெண்ணின் அப்பா, வேலை நிரந்தரமாகட்டும், அன்றைக்கே பூ வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அந்த வேலைதான் எங்களுக்கு எல்லாம்.

படகை ஓட்டுகிறவர் டெரன்ஸ். ஆங்கிலோ இந்தியர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நீலச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் இரண்டே மடிப்பு மடித்திருப்பார், மூன்றாவது மடிப்பு கிடையாது. இடது புருவத்தில் ஒரு வெட்டு. அதெல்லாம் எதற்கு இப்போது.

நான் டேப்பெட்டுக்கு வருகிறேன். எஞ்சினுக்குள் கேம் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. அது டேப்பெட்டை மேலே தள்ளும். டேப்பெட் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி ராக்கர் என்கிற நெம்புகோலைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும். எட்டு சிலிண்டர், பதினாறு வால்வு, பதினாறு டேப்பெட். டேப்பெட்டில் இரண்டு ஜாதி. ஒன்று ஹைட்ராலிக். அதற்குள் எண்ணெய் புகுந்து நிற்கும். எங்கே தேய்ந்தாலும், எங்கே விரிந்தாலும், இடைவெளி விழாமல் எண்ணெயே நிரப்பிக்கொள்ளும். சத்தம் வராது. திறந்து பார்க்கவே வேண்டாம். அனுசரித்துப் போகிற மருமகள் மாதிரி. சிரிக்காதீர்கள், சொட்டு வெளியே வந்துவிடும்.

இன்னொன்று சாலிட். கெட்டி இரும்பு. விட்டுக்கொடுக்காது. அதற்கு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் நாமே விட வேண்டும். எங்கள் எஞ்சினுக்கு, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இருபத்திரண்டு பங்கு. பட்டறையில் இருபத்திரண்டு தவ் என்பார்கள். அது கூடினால் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும், குறைந்தால் வால்வு கருகும். ஓட ஓட அது மாறிக்கொண்டே இருக்கும். திறந்து, அளந்து, திருகி, மூட வேண்டும். அந்த இடைவெளியில்தான் அந்தச் சத்தம், டிக்கிடி டிக்கிடி.

அப்படியானால் ஹைட்ராலிக்தானே நல்லது என்பீர்கள். ஆனால் பந்தயப் படகு அலை மேல் குதிக்கும் அம்மா. குதிக்கும்போது பின்னால் இருக்கும் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். இழுக்கப் பாரமில்லை. எஞ்சின் வெறி பிடித்த மாதிரி சுற்றும். அந்த வேகத்தில் ஹைட்ராலிக் டேப்பெட் எண்ணெயை மேலும் குடித்து விறைத்துக்கொள்ளும், வால்வை மூடவிடாது. எஞ்சின் தொண்டை அடைத்தது போல ஆகி, சக்தி போய்விடும். முந்தின வருடம் டெரன்ஸ் தோற்றது அப்படித்தான். சாலிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பட்டறையில் இதைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. டெரன்ஸ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சாலிட் போடு மேன். ரேஸ் போட்டுக்கு எவனாவது ஹைட்ராலிக் போடுவானா? என்ன, பாட்டியை வெச்சுத் தள்ள பேரம்புலேட்டர் கட்றியா?"

"சார், பந்தயம் ஒரு நாள். மீதி முன்னூத்து அறுபத்து நாலு நாளும் படகு மெதுவா ஓடுது. மெதுவா ஓடறப்ப மேல எண்ணெய் ஒழுங்கா ஏறாது. சாலிட் தட்டித் தட்டியே தேயும். தினம் தொறந்து பாக்கணும். ஹைட்ராலிக் போடறேன், குதிக்கறப்ப கையை எடுங்க. அவ்ளோதான்."

"கையை எடுக்கறதா?"

"த்ராட்டில்லேர்ந்து. வேகம் கொறையட்டும். ஒரு செகண்டு. படகு தண்ணியில உக்காந்ததும் திரும்பக் குடுங்க. நல்லா ஓட்டறவனுக்கு ஹைட்ராலிக் போதும் சார்."

டெரன்ஸின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து என் பக்கம் திரும்பினார். "மிஸ் கோமளா, நீங்க ஒருத்தர்தான் இங்க எஞ்சினைப் புஸ்தகம் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டவங்க. நீங்க சொல்லுங்க."

ஏகாம்பரமும் என்னைப் பார்த்தான். பார்க்கலாம் என்றேன்.

டேப்பெட்டும் கேமும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எதை வரவழைப்பது என்று மெக்கானிக் காரணத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும், கமிட்டியில் வைக்க வேண்டும் என்றார் விசுவநாதன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிட்யூட்டைத் திறந்து, ஜன்னலோரத்து மெஷினில் உட்கார்ந்து கடிதம் அடித்தேன். ஏகாம்பரம் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னான். நான்கு காரணம் சொன்னான். விரல் விட்டு எண்ணினான். நான் அடித்தேன். தொட்டால் எல்லாம் எண்ணெய்க் கறையாகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாள் உருளுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எம்மாம் வேகமா அடிக்கறக்கா நீ" என்றான். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டான். மு. ஏகாம்பரம். ர-வுக்குக் கால் நீளமாக இழுப்பான்.

சாலிட் என்று அடித்தேன்.

மோசம் செய்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை அம்மா. மொழிபெயர்ப்பில் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை போட முடியாது. அவன் சொன்ன நான்கு காரணமும் பட்டறைக் காரணம். கமிட்டி முன்னால் எடுபடாது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பந்தய எஞ்சினுக்குச் சாலிட் என்றுதான் போட்டிருக்கும், நான் பக்கம் சொல்வேன். நானும் நான்கு காரணம் அடித்தேன். கடைசிப் பத்தியில், ஒவ்வொரு பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் இடைவெளியைச் சரிபார்க்கும் முழுப் பொறுப்பு என்னுடையது என்று அவன் பேரில் ஒரு வரியும் சேர்த்தேன். பொறுப்பான ஆள் என்று தெரிய வேண்டாமா? அவனுக்காகத்தான் செய்தேன். ஜெயித்தால் வேலை.

என்ன கேட்டீர்கள்? ஜெயிக்க வேண்டும் என்றா விசுவநாதன் சொன்னார் என்றா? முடித்துவிட்டு வரட்டும் என்று சொன்னார். ஒன்றுதானே.

டெரன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறுநாள் அவர் இன்ஸ்டிட்யூட் வாசலுக்கு வந்தார் என்பது உண்மை. கடிதத்தைப் பார்த்தேன், ஃபர்ஸ்ட் கிளாஸ் இங்கிலீஷ் என்றார். படிக்கட்டில் நின்று இரண்டு நிமிடம் பேசினார். அந்த இரண்டு நிமிடமும் உள்ளே ஒரு பெண்ணும் டைப் அடிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மூன்று மாதம் கழித்துப் பெட்டி வந்தது. ஏகாம்பரம் மெழுகுத்தாளைப் பிரித்தான். ஒரு டேப்பெட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். இன்னொன்றை எடுத்தான். கட்டைவிரலால் அதன் தலையை அழுத்திப் பார்த்தான். ஹைட்ராலிக்காக இருந்தால் உள்ளே மெத்தென்று அமுங்கும். இது அமுங்கவில்லை.

"அக்கா, நான் ஹைட்ராலிக்தானே சொன்னேன்?"

"கிளப்பில மாத்திட்டாங்க போலருக்கு" என்றேன்.

வீட்டில் சண்டை வேண்டாமே என்று ஒரு வார்த்தை. அவன் டேப்பெட்டை மெழுகுத்தாளில் திரும்பச் சுற்றினான். "சரிக்கா. வந்ததை வெச்சிக் கட்டுவோம்" என்றான்.

கட்டினான். என்ன அழகாகக் கட்டினான் தெரியுமா? முதல் நாள் கழிமுகத்தில் அதைக் கிளப்பியபோதுதான் நான் சொன்ன சத்தம் கேட்டது. ஹைட்ராலிக்கில் அது கிடையாது, பெருமூச்சு மாதிரி ஒரு முனகல்தான். இது எண்ணி எண்ணி அடித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் அடித்த கடிதம் தண்ணீர் மேல் தானாக அடித்துக்கொண்டு போகிறது என்று தோன்றியது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஓய்வில்லை. கிளப்பில் ஓடும்போதெல்லாம் இவன் சைக்கிளில் போக வேண்டும். மூடியைக் கழற்றி, பதினாறு இடத்திலும் கேஜை நுழைத்து, திருகி, மூடி, திரும்ப வர வேண்டும். பட்டறை வேலை நின்றுபோயிற்று. ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அமிர்தத்தின் அப்பா ஒரு தடவை, "மாப்பிள்ளை எஞ்சினைக் கட்டிக்கிட்டாரா, என் பொண்ணைக் கட்டிக்கப் போறாரா?" என்று கேலி செய்தார். "ரெண்டு பேரையும் ஒரே குவார்ட்டர்ஸ்ல வெச்சிக்கிறேன் மாமா" என்றான் ஏகாம்பரம்.

...ஆமாம் சிஸ்டர், கோமளவல்லிதான். இன்னொரு சொட்டா? விடுங்கள். எரியவில்லை.

பந்தயத்தன்று காலை. கரையில் பந்தல், மைக், நாற்காலி. துறைமுகத்துக்காரர்களின் படகு ஏற்கெனவே தண்ணீரில் நின்றது. ஏகாம்பரம் ஆலாவில் ஏறி எஞ்சினைக் கிளப்பி, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தான். நிறுத்தினான். திரும்பக் கிளப்பினான். திரும்ப நிறுத்தினான்.

"அக்கா, ஆறாவதுல எக்ஸாஸ்ட் வால்வு தனியா அடிக்குது."

"நேத்துதானே செட் பண்ணினே?"

"பண்ணேன். கேஜு சரியாத்தான் சொல்லிச்சு. ஆனா காதுக்கு லூசாக் கீது. ராக்கரைக் கழட்டிப் பாத்துடறேன். அரை மணி நேரம் குடு."

ஒன்பதரைக்குப் பந்தயம். மணி ஒன்பது. கிளப்பில் அதற்கென்று ஒரு தாள் உண்டு. பதினாறு கட்டம், ஒவ்வொன்றிலும் அளவு எழுத வேண்டும். அதை எழுதுவது நான். டெரன்ஸ் கரையில் நடந்துகொண்டிருந்தார். "என்ன மேன், உன் எஞ்சினுக்கு ஜோசியம் பாக்கறியா? கிளியைக் கூப்பிடு, சீட்டு எடுக்கட்டும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "அக்கா" என்றான் திரும்ப.

நான் படகில் இறங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நானே கேஜை வாங்கி, ஆறாவதில் இருபத்திரண்டு தவ் பிளேடை நுழைத்தேன். இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தது. இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. புத்தகத்தில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அப்படியே.

"சரியா இருக்கு. இருபத்திரண்டு" என்றேன். எழுதினேன்.

"கேஜு சரிதான்க்கா. சத்தம் சரியில்ல."

"சத்தத்தை நான் எந்தக் கட்டத்தில எழுதறது?" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். டெரன்ஸ் கை தட்டினார்.

ஏகாம்பரம் கேஜை வாங்கிப் பெட்டியில் வைத்தான். மூடியைப் போட்டு போல்ட்டை முடுக்கினான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மெக்கானிக்கும் படகில் போக வேண்டும் என்பது பந்தய விதி.

இரண்டு சுற்று ஆலாதான் முன்னால். மூன்றாவது சுற்றில், முகத்துவாரத்து அலையில், படகு எழும்பியது. எஞ்சின் அலறியது எங்களுக்குக் கரை வரை கேட்டது. கையை எடுங்கள், ஒரு செகண்டு. டெரன்ஸ் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு தகரத் தட்டு விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். துறைமுகத்துக்காரர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அப்புறம் காற்று மட்டும்.

ஒரு கட்டுமரக்காரர்தான் கயிறு கட்டி அவர்களை இழுத்து வந்தார். கரைக்கு வந்ததும், "இன்னா சார், எஞ்சின்ல இருந்த எல்லா குதிரையும் ஒரே நேரத்துல படுத்துக்கிச்சா?" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

மறுநாள் எஞ்சினைத் திறந்தான். ஆறாவதில் ராக்கர் முறிந்து, வால்வு உள்ளே விழுந்து, பிஸ்டனை உடைத்து, பிளாக்கே பிளந்திருந்தது. அந்த எஞ்சின் இனி எதற்கும் உதவாது. ஏகாம்பரம் முறிந்த ராக்கரைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தான்.

"முனையைத் தடவிப் பாருக்கா."

தடவினேன். வால்வு தட்டித் தட்டி, முனையில் ஒரு சின்னப் பள்ளம். மிளகு உட்காருகிற அளவு.

"பிளேடு தட்டையா கீது இல்ல? பள்ளத்துக்குள்ள இறங்காது. ரெண்டு கரை மேலயும் பாலம் மாதிரி நிக்கும். நீ பாலத்துக்கு மேல அளந்துட்ட. கீழ இன்னும் பத்து தவ் கீது. அதான் அடிச்சிக்கினு இருந்துச்சு."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை, சொல்லித்தருகிறான், அப்படிச் சொன்னான். இதுதான் அம்மா என் பாவம். இத்தனை வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிவது இதைத்தான். பௌதிகம் படித்தவள், தட்டையான பிளேடு பள்ளத்தை அளக்காது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கமிட்டியில் ஒரு பஞ்சாபிக் கர்னல் இருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஏகாம்பரத்துக்கு மொழிபெயர்க்க என்னையும் வரச் சொன்னார்கள். விசுவநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் டெரன்ஸ், கால் மேல் கால் போட்டு. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், காலையில் கேஜ் பிடித்து அளந்தது நான், தாளில் எழுதியது நான், தவறு என்னுடையது என்று. நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். கர்னல் எழுந்து நின்று என் நேர்மையைப் பாராட்டினார். "ஆனால் மிஸ், நீங்கள் மெக்கானிக் இல்லையே" என்றார்.

பிறகு விசுவநாதன் ஃபைலைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.

முழுவதும் வாசித்தார். ஆங்கிலத்தில்தான். ஏகாம்பரத்துக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் சாலிட் என்பது தெரியும், ஹைட்ராலிக் என்பது தெரியும். கடிதத்தில் சாலிட் ஏழு இடத்தில் வருகிறது. முதல் தடவை வந்தபோது அவன் தலையை நிமிர்த்தினான். இரண்டாம் தடவை மேஜை மேல் எட்டித் தாளைப் பார்த்தான். அதன் பிறகு நிமிரவில்லை. கடைசிப் பத்தியைக் கர்னல் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். முழுப் பொறுப்பு என்னுடையது.

"சாலிட் கேட்டது இவரே. பராமரிப்புக்குப் பொறுப்பேற்றதும் இவரே. இது இவருடைய கையெழுத்தா, கேளுங்கள்" என்றார் கர்னல்.

நான் கேட்க வேண்டும். அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏகாம்பரம், இது உன் கையெழுத்தா?"

அவன் கையெழுத்தில் நீளமாக இழுத்த அந்த ர-வின் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன். ஒரு எஞ்சினைக் கேட்பது போலப் பார்த்தான். எது உடைந்திருக்கிறது என்று.

"ஆமாக்கா" என்றான்.

கர்னலுக்குச் சொல்ல வேண்டிய பதிலை எனக்குச் சொன்னான். நான் கர்னலிடம், ஆமாம் என்கிறார் என்றேன். அதை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன்.

டெரன்ஸிடமும் கேட்டார்கள். "நான் ஓட்டறவன் மட்டும்தான் சார். மெக்கானிக் கேட்டதைத்தான் போட்டாங்க" என்றார். அதுவும் பொய் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். அம்மா, கடிதத்தை அடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கையெழுத்து உன்னுடையதா என்று அவனைக் கேட்டார்கள், அவன் ஆமாம் என்றான், அதற்கு மேல் நான் நடுவில் புகுந்து பேசினால் என் தம்பியைப் பொய்யன் என்று சொன்னது போல ஆகாதா? அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. இப்போதும் சில நாள் அப்படித் தோன்றுகிறது. சில நாள்தான்.

வேலை ஆர்டர் வரவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வெயில். பக்கத்தில் ஒரு கிழவி நுங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அன்னிக்கு நான் நாலு காரணம் சொன்னேனே அக்கா. அதுல ஒண்ணாவது அதுல இருந்துச்சா?"

பஸ் வந்துவிட்டது. கூட்டம். அவன் முன்பக்கம் ஏறினான், நான் பின்பக்கம் ஏறினேன்.

சித்திரைக்கு முன்னாலேயே பட்டறையைக் காலி செய்தோம். லேத்தைத் தொடக்கூட அவன் வரவில்லை, ஆட்கள்தான் வந்து தூக்கினார்கள். அமிர்தத்தின் வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். டெரன்ஸ் அந்த வருடக் கடைசியில் பெர்த்துக்குக் குடும்பத்தோடு போனார். ஆமாம், குடும்பத்தோடுதான். கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாராம். எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நான் இன்ஸ்டிட்யூட்டிலேயே இருந்தேன், அது கம்ப்யூட்டர் சென்டர் ஆகிறவரைக்கும்.

ஏகாம்பரம் ஆடி மாதம் அந்தமானுக்குக் கப்பலேறக் கிளம்பினான். ஒரு டிரங்குப் பெட்டி. நான் துறைமுகம் வரைக்கும் வருகிறேன் என்றேன். வேண்டாம்க்கா, வெயிலு என்றான். போர்ட் பிளேருக்கு இரண்டு மூன்று கடிதம் எழுதினேன். எல்லாம் தமிழில்தான். சாப்பாடு எப்படி, தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று. பட்டறையைப் பற்றி எழுதவில்லை, மற்றதைப் பற்றியும் எழுதவில்லை. எதற்குப் பழையதைக் கிளற வேண்டும்? பதில் வரவில்லை. எழுதுகிற பழக்கம் இல்லாதவன், அதனால் எழுதவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இதோ, என்னைக் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் கையைப் பிடித்து எழுப்பிவிடுங்கள்.

அவனா? தீவுகளுக்கு நடுவே ஓடும் ஒரு பயணிகள் படகில், எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற கிரீசராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தான். மெக்கானிக்காக எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. போன கார்த்திகையில் இறந்துவிட்டான். கருமாதி முடிந்து ஒன்பது நாள் கழித்து அவன் மகன் போன் செய்து சொன்னான். அவனுக்கு ஒரு மகன் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.